பிறருக்காக எரியும் விளக்குகள்

வீட்டில் ஏற்றும் விளக்கு வீட்டாருக்கு வெளிச்சம் தருகிறது. காரின் வெளிப்புற விளக்குகளோ, முகப்பு விளக்கு நீங்கலாக, பெரும்பாலும் பிறருக்காகவே எரிகின்றன. பிரேக்கை மிதிக்கும்போது பின்னால் ஒளிரும் சிவப்பு விளக்கை ஓட்டுபவர் காண்பதில்லை. அது எரிந்தாலும் அவருக்குத் தெரியாது, எரியாவிட்டாலும் தெரியாது. தெரியவேண்டியவர் பின்னால் வருபவரே. இவ்வுண்மையை நாங்கள் புதிதாக வாங்கிய கார் எங்களுக்கு அழுத்தமாக உணர்த்தியது.

டோல்கேட்டை அறிந்தவர்களுக்கு அதன் நெரிசலைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் இவ்வழியாக ஓடத் தொடங்கிய பின்னரும் கீழே சாலையில் கூட்டம் குறைந்தபாடில்லை. கடற்கரையையொட்டிய எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்தை நோக்கிக் கன்டெய்னர் லாரிகள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பேருந்துகள், ஷேர் ஆட்டோக்கள், மீன் கூடை கட்டிய இருசக்கர வாகனங்கள். இத்தனைக்கும் நடுவே ஒரு வண்டி திரும்பப்போகிறதா, நிற்கப்போகிறதா என்பதைச் சொல்ல விளக்கைத் தவிர வேறு மொழி இல்லை.

பல ஆண்டுச் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து வாங்கிய எங்கள் காரில், முதல் வாரத்திலேயே இடப்புற இண்டிகேட்டர் வழக்கத்தைவிட இருமடங்கு வேகத்தில் துடித்தது. உடனே ஷோரூமுக்குக் கொண்டுசென்று காட்டினோம். “புது வண்டி அப்படித்தான் இருக்கும் சார், ஓட ஓடச் சரியாயிடும்” என்று சிரித்த முகத்தோடு அனுப்பிவைத்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, மழை தூறிய ஒரு மாலையில், எங்கள் தெருவுக்குள் இடப்புறம் திரும்ப இண்டிகேட்டரைப் போட்டோம். வேகத்தையும் குறைத்தோம். திரும்பத் தொடங்கியதுமே இடப்பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர் கிறீச்சிட்டு நின்றது. ஓட்டிவந்தவர் ஓர் இளம்பெண். முன்னால் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுவன் நின்றிருந்தான். இடையில் ஒரு சாண் இடைவெளிதான். “இண்டிகேட்டர் போடாமத் திரும்புறீங்களேண்ணே, பிள்ளையோட வர்றேனே!” என்றார் அவர். குரலில் கோபத்தைவிட நடுக்கமே மிகுதி. இறங்கிப் பார்த்தோம். உள்ளே அம்புக்குறி துடித்துக்கொண்டிருக்க, பின்புற விளக்கு இருண்டு கிடந்தது. எங்களுக்குச் சொன்னதை வண்டி அவருக்குச் சொல்லவில்லை.

இப்பகுதி வண்டிகளை உருவாக்கிய பகுதி. எண்ணூரில் லாரிகளும் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள்களும் பல தலைமுறைகளுக்குச் சோறு போட்டிருக்கின்றன. லாரித் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர் எங்கள் காரைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, அது வேகமா அடிக்கிறது கோளாறு இல்ல. கோளாறு இருக்குன்னு வண்டி சொல்ற சேதி.” இண்டிகேட்டர் நிமிடத்திற்கு 60 முதல் 120 முறைக்குள் துடிக்கவேண்டும். ஒரு பல்பு எரியாமற்போனால் அச்சுற்றில் ஓடும் மின்சாரம் குறைகிறது. அதை உணர்ந்து மற்றவை வேகமாகத் துடிக்கும்படி பல வண்டிகளில் வேண்டுமென்றே அமைத்திருக்கிறார்கள். பல்பு போயிருக்கலாம், சாக்கெட் தளர்ந்திருக்கலாம், எர்த் கம்பி சரியாகப் பிடிக்காதிருக்கலாம். பழைய பல்புக்குப் பதில் எல்.இ.டி. பல்பை மாட்டினாலும், அது குறைந்த மின்சாரமே எடுப்பதால், இவ்வாறு நேர்வதுண்டு.

மறுநாள் மீண்டும் ஷோரூம். பல்புக்கு வாரண்டி கிடையாது என்று தொடங்கினார்கள். குறையை ஜாப் கார்டில் எழுதித் தரும்படி அமைதியாகக் கேட்டோம். எழுதிய பின்னரே விளக்கைக் கழற்றினார்கள். பல்பில் பழுதே இல்லை. ரிவர்ஸ் கேமரா பொருத்தியபோது கழற்றிய சாக்கெட்டை முழுவதுமாக அழுத்தி மாட்டாமல் விட்டிருந்தார்கள். பத்து நிமிட வேலை! அந்தப் பத்து நிமிடத்தை முதல் நாளே செலவிட்டிருந்தால் ஒரு தாய் நடுத்தெருவில் நடுங்கி நின்றிருக்கமாட்டாள்.

புதிதாகக் கார் வாங்கும் குடும்பங்களுக்குச் சில சொற்கள். சாவியை வாங்கும் முன் ஒருவர் உள்ளே அமர்ந்து ஒவ்வொரு விளக்காகப் போட, மற்றவர் வெளியே நின்று பார்க்கட்டும். கூடுதல் கருவி எதையேனும் பொருத்தினால் அதன் பிறகும் ஒருமுறை பாருங்கள். தனியே இருப்பவர் இரவில் சுவரருகே வண்டியை நிறுத்தினால், அதில் விழும் ஒளியே சாட்சி சொல்லும். மழைக்குப் பின் விளக்குக் கண்ணாடியின் உட்புறம் மெல்லிய ஆவி படிந்து தானே மறைந்தால் கவலையில்லை. நீர் தேங்கி நின்றால் உடனே காட்டுங்கள். மழையில் ஓடும்போது நான்கு இண்டிகேட்டர்களையும் ஒருசேர எரியவிடும் பழக்கம் நம்மிடையே பெருகியிருக்கிறது. அப்போது நாம் எப்பக்கம் திரும்புகிறோம் என்பதை எவரும் அறியமுடியாது. குறையை எழுத்தில் கொடுங்கள். கேட்பாரில்லையெனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

இவையெல்லாம் சிறு காரியங்கள் என்று தோன்றலாம். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அவர்களுள் இருசக்கர வாகனங்களில் சென்றோரே மிகுதி.

முன்னாளில் ஓட்டுநர் கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டிச் சைகை காட்டுவார். லாரியின் இடப்பக்கத்தில் கிளீனர் கைகாட்டுவார். கையைப் பார்த்தவர் மனிதரையும் பார்த்தார். இன்று குளிர்சாதனம் ஓட, கண்ணாடியை ஏற்றிவிட்டு அமர்ந்திருக்கிறோம். கைக்குப் பதிலாக அந்தச் சிறு மஞ்சள் விளக்கே அயலாரிடம் நம் சார்பாகப் பேசுகிறது. அது ஊமையாகிவிட்டால் நமக்குத் தெரியாது. முகமறியாத யாரோ ஒருவர்தான் முதலில் அறிவார். அவர் அதை விபத்தின் வழியே அறிந்துகொள்ள நாம் விட்டுவிடலாகாது.