முதல் சிப்பில் எழுதியது எது?

பாலிடெக்னிக் மாணவர்களுக்காக மலிவான மைக்ரோகண்ட்ரோலர் கிட் ஒன்றை வடிவமைக்க உட்கார்ந்தபோது முதலில் இடித்தது சிப்பின் விலை அல்ல, அதில் நிரலை எழுதும் கருவியான புரோகிராமரின் விலை. எட்டு கிலோபைட் ஃபிளாஷ் கொண்ட ஏடிமெகா8 ஒரு மாணவரின் கைக்கு எட்டுகிற சிப். அதில் நிரலை ஏற்ற, தயாரிப்பு நிறுவனத்தின் சொந்தக் கருவியைச் சேர்த்தால் கிட்டின் கணக்கே உடைந்துவிடும். அதனால் யுஎஸ்பிஏஎஸ்பி என்ற திறந்த வடிவமைப்பை எடுத்துக்கொண்டேன். ஓர் ஏடிமெகா8, 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், இரண்டு ஜீனர் டையோடுகள், கொஞ்சம் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர். அவ்வளவுதான் அதில் இருப்பது.

அந்தச் சர்க்யூட்டைக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டார்: "சார், புரோகிராமருக்குள்ளயும் அதே ஏடிமெகா8தானே இருக்கு? அதுல கோடு டம்ப் பண்ணினது எது?" இன்னொரு புரோகிராமர் என்றேன். "அதுல?" என்றார். உறைமோர் இல்லாமல் தயிர் இல்லை, தயிர் இல்லாமல் உறைமோர் இல்லை. முதல் உறைமோர் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியைத் தீர்க்காமல் கிட்டை முடிப்பது சரியாகப் படவில்லை.

தேடலை மூலநிரல் கோப்புகளில் தொடங்கினேன். ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் எழுதியவர் பெயரும் தொடங்கிய தேதியும் இருக்கும். கல்வெட்டு படிப்பவர் அரசனின் ஆட்சியாண்டைத் தேடுவதுபோல நான் அந்த வரிகளைத் தேடினேன். யுஎஸ்பிஏஎஸ்பியின் முதன்மைக் கோப்பில் தாமஸ் ஃபிஷ்ல் என்ற பெயரும் 2005 பிப்ரவரி 20 என்ற தேதியும் இருக்கின்றன. அது சார்ந்திருக்கும் யுஎஸ்பி டிரைவர், வியன்னாவின் ஆப்ஜெக்டிவ் டெவலப்மெண்ட் நிறுவனத்துடையது. அதன் தலைப்பில் 2004 டிசம்பர் 29. இடைவெளி இரண்டு மாதம்கூட இல்லை. ஒருவர் பொதுவில் வைத்ததை இன்னொருவர் சூட்டோடு எடுத்து வேறொன்றாக வளர்த்திருக்கிறார்.

அந்த டிரைவரை நான் மாணவர்களுக்கு வரிவரியாகக் காட்ட விரும்புகிறேன். ஏடிமெகா8க்குள் யுஎஸ்பிக்கான வன்பொருள் எதுவும் கிடையாது. குறைவேக யுஎஸ்பியில் நொடிக்கு 15 லட்சம் பிட்டுகள் வரும். சிப்பின் கடிகாரமோ நொடிக்கு 1 கோடியே 20 லட்சம் துடிப்புகள். வகுத்துப் பார்த்தால் ஒரு பிட்டுக்கு எட்டே துடிப்புகள். அந்த எட்டுக்குள் பிட்டைப் படித்து, அர்த்தம் பிரித்து, சேமித்து, அடுத்ததற்குத் தயாராக வேண்டும். அசெம்பிளியில் ஒவ்வொரு துடிப்பையும் எண்ணி எழுதியிருக்கிறார்கள். புரோகிராமரில் தனி யுஎஸ்பி சிப் தேவைப்படாமல் போனதற்கு இந்த உழைப்புதான் காரணம்.

சரி, அதற்கு முன்பு? 8751 என்ற பழைய மைக்ரோகண்ட்ரோலரின் காலத்துக்குப் போனேன். சிப்பின் முதுகில் குவார்ட்ஸ் கண்ணாடி ஜன்னல். அதன் வழியே புறஊதா விளக்கைக் காட்டி நிமிடக்கணக்கில் காத்திருந்துதான் பழைய நிரலை அழிக்க வேண்டும். 8751ஹெச் சிப்பில் எழுத 21 வோல்ட் தேவை. முகவரிக்குப் பல பின்கள், தரவுக்கு எட்டுப் பின்கள். புரோகிராமர் பெரிய பெட்டியாக, ஆய்வகத்தில் பூட்டி வைக்கும் பொருளாக இருந்ததற்கு இவைதான் காரணங்கள். நார்வேயின் டிரோன்ஹெய்மில் மாணவர்களாக இருந்த ஆல்ஃப்-எகில் போகன், வேகார்ட் வோலன் இருவரின் எண்ணத்தில் உருவாகி, 1990களின் பிற்பகுதியில் அட்மெல் வெளியிட்ட, ஏடிமெகா8உம் சேர்ந்த ஏவிஆர் குடும்பத்தில் இந்த நிலை மாறியது. எழுதத் தேவையான உயர் மின்னழுத்தத்தைச் சிப்பே தனக்குள் உண்டாக்கிக்கொள்கிறது. வெளியிலிருந்து சாதாரண 5 வோல்ட்டும் சில கம்பிகளும் போதும். எந்தக் கம்பியில் எந்த வரிசையில் எதை அனுப்ப வேண்டும் என்பதை டேட்டாஷீட்டிலேயே அச்சிட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

இத்தாலியின் இவ்ரியாவிலும் எங்கள் கிட்டுக்கு வந்த அதே விலைப் பிரச்சினைதான் இருந்தது. அங்கிருந்த வடிவமைப்புக் கல்லூரியில் பயன்பட்ட பேசிக் ஸ்டாம்ப் என்ற மைக்ரோகண்ட்ரோலர் பலகை மாணவர்களுக்கு விலை அதிகம். கொலம்பியாவிலிருந்து வந்த எர்னாண்டோ பாராகன் தன் முதுகலை ஆய்வாக வயரிங் என்ற தளத்தை உருவாக்கினார்; அதன் மேல் 2005இல் ஆர்டுயினோ எழுந்தது. ஆர்டுயினோவைச் சொல்லும் இடத்திலெல்லாம் பாராகன் பெயரையும் சொல்லியாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவர்கள் வழி பூட்லோடர்: சிப்புக்குள் ஒரு சிறு நிரல் இருந்துவிட்டால் பிறகு கேபிள் ஒன்றே போதும். ஆனால் அந்தப் பூட்லோடரையும் ஒருமுறை வெளியிலிருந்து எழுதியாக வேண்டும். மாணவியின் கேள்வி அப்படியே நின்றது.

விடையின் ஒரு பாதி பழைய கணினியின் பேரலல் போர்ட்டில் கிடைத்தது. பிரிண்டருக்கான அந்த 25 பின் இணைப்பில் எட்டுத் தரவுப் பின்களையும் மென்பொருள் நேராக ஏற்றி இறக்கலாம். ஆர்வலர்கள் சில ரெசிஸ்டர்களோடு கம்பிகளைச் சிப்புக்கு இழுத்து அதில் எழுதினார்கள். நடுவில் வேறு மைக்ரோகண்ட்ரோலரே இல்லை. அதாவது சங்கிலிக்கு ஒரு தொடக்கம் உண்டு.

மறுபாதி டேட்டாஷீட்டின் நேர அட்டவணையில் இருந்தது. எழுதும்போது கடிகாரக் கம்பியின் ஒவ்வொரு துடிப்பும் குறைந்தது இவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும் என்றுதான் அதில் இருக்கிறது. அதிகபட்சம் எதுவும் இல்லை. அப்படியானால் விரலே போதுமே! பிரெட்போர்டில் புதிய ஏடிமெகா8 ஒன்றைச் செருகி, ரீசெட்டைத் தாழ்த்தி, தரவுக்கு ஒரு சுவிட்ச், கடிகாரத்துக்கு ஒரு பொத்தான் வைத்தோம். ஒரு அழுத்தலைச் சிப் பலவாக எண்ணிவிடாமல் இருக்க நடுவில் 74ஹெச்சி14 என்ற லாஜிக் சிப். சிப் பதில் பேசும் பின்னில் ஓர் எல்இடி. அனுப்ப வேண்டியது நான்கு பைட்டுகள், பதினாறடிமான எண்களில் ஏசி, 53, 00, 00. சிப் புரிந்துகொண்டால் மூன்றாவது பைட்டின்போது அந்த 53ஐத் திருப்பிச் சொல்லும்.

கேள்வி கேட்ட மாணவியே பொத்தானை அழுத்தினார். வகுப்பு முழுவதும் வாய்விட்டு எண்ணியது. மூன்றாவது பைட் வந்ததும் எல்இடி அணைந்து, எரிந்து, அணைந்து, எரிந்து, அணைந்து, அணைந்து, எரிந்து, எரிந்தது. 01010011. அதுதான் 53.

இப்படியே சிப்பை நிரப்ப முடியுமா என்று கணக்குப் போட்டோம். ஒரு பைட்டை ஏற்ற 32 துடிப்புகள். 8192 பைட்டுகளுக்கு 2,62,144 துடிப்புகள், பக்கங்களைப் பதியும் கட்டளைகள் தனி. புரோகிராமர் செய்வது இந்த வேலையைத்தான், அதுவும் சில நொடிகளில்.

கிட்டின் வடிவம் அன்றைக்கே மாறியது. யுஎஸ்பிஏஎஸ்பியை ஃபார்ம்வேர் ஏற்றித் தருவதில்லை என்று முடிவெடுத்தேன். ஒவ்வொரு பெட்டியிலும் வெறும் பலகை, உதிரிகள், எதுவும் எழுதப்படாத இரண்டு ஏடிமெகா8. வகுப்புக்கு ஒரே ஒரு தயார் புரோகிராமர். அதை வைத்து முதல் மாணவர் தன் சிப்பில் எழுதுவார், அவருடையது அடுத்தவருக்கு எழுதும். புதிய சிப் உள்கடிகாரத்தில் 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும் என்பதால், மெதுவாக எழுதவைக்கும் ஜம்பரைப் பலகையில் எளிதில் எட்டும் ஓரத்துக்கு நகர்த்தினேன். அந்தச் சுவிட்சும் பொத்தானும் 74ஹெச்சி14உம் பெட்டியில் சேர்ந்தன. விலை கொஞ்சம் ஏறினாலும் அவற்றை எடுக்க மாட்டேன்.

பெட்டியை மூடும்போது அதே மாணவி, "அப்போ ஃபியூஸையும் கையாலயே மாத்தலாமா சார்?" என்றார். மாற்றலாம்: முதல் 32 துடிப்புகளுக்குப் பிறகு இன்னொரு 32. சிப்பின் கடிகாரத்தைக் கிரிஸ்டலுக்கு மாற்றும் அந்த ஃபியூஸ் வேலையை இரண்டாம் பாடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.