மூன்று மாதம்

கல்லூரியில் என் ஆங்கிலத்துக்கு ஒரு பெயர் இருந்தது. 2009ல் வகுப்பு மாணவி ஒருத்தி ஆசிரியர்மேல் கொடுத்த புகாரை வாபஸ் வாங்கும் கடிதத்தை, துறைத்தலைவர் சொல்லி, நான்தான் எழுதினேன். 'தவறான புரிதல்' என்ற சொல் என்னுடையது. அவள் கையெழுத்துப் போட்டாள், படிப்பை விட்டாள்.

விசாகா தீர்ப்பு 1997லேயே வந்துவிட்டது. எங்கள் கல்லூரியில் புகார்க் குழு இல்லை. 2013 சட்டமும் 2015 பல்கலைக்கழக மானியக் குழு விதிகளும் அதைக் கட்டாயமாக்கின. புகார் தர மூன்று மாதம். காரணம் இருந்தால் மேலும் மூன்று. இன்று அவள் வந்தால் குழு உண்டு, கெடு முடிந்துவிட்டது.

வங்கியில் பத்து வருஷம் யாரும் தொடாத டெபாசிட்டை ரிசர்வ் வங்கியின் நிதிக்கு அனுப்புகிறோம். அதற்குப் பிறகும் உரியவர் வந்து கேட்டால் கொடுத்தாக வேண்டும்.

பிறர் கவிதைகளில் பொய்ச்சொல் தேடி இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். அந்தக் கடிதத்தை மட்டும் விமர்சனத்துக்கு எடுத்ததில்லை.