ஸ்டெப்னிக்கு ஒரு பூட்டு

கேம்பர்வேன் வைத்திருப்பவரிடம் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் போதும். மடக்குப் படுக்கை, கேஸ் அடுப்பு, கூரைமேல் சோலார் பலகை, குட்டி ஃபிரிட்ஜ் என்று ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டுவார். குனிந்து வண்டிக்கு அடியில் கையை நீட்டி, "இதுதான் எங்கள் ஸ்டெப்னி" என்று காட்டியவரை இங்கிலாந்தில் நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் இருட்டில் வருகிறவனுக்கு இந்த வண்டியில் சுலபமாகக் கிடைப்பது அதுதான். கண்ணாடியை உடைக்க வேண்டாம், அலாரம் அலறாது, நாய்கூடக் குரைக்காது.

எங்களுடையது ஃபியட் டுகாட்டோ. ஐரோப்பாவில் சாலையில் போகிற வீட்டு வண்டிகளில் மிகப் பலவும் இதன் மேல் கட்டப்பட்டவைதான். ஸ்டெப்னி பின்பக்கத் தரைக்கு அடியில் ஒரு ஸ்டீல் கேபிளில் தொங்கும். கேபிளின் நுனியில் உள்ள தாங்கி, சக்கரத்தின் நடு ஓட்டைக்குள் புகுந்து பிடித்துக்கொண்டிருக்கும். பம்பருக்குக் கீழே டூல் பைக் கைப்பிடியை மாட்டித் திருப்பினால் வின்ச் அவிழ்ந்து சக்கரம் இறங்கும், மறுபக்கம் திருப்பினால் ஏறும். ஃபோர்டு டிரான்சிட்டிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். ஃபோக்ஸ்வேகன் டிரான்ஸ்போர்ட்டரில் சக்கரம் ஓர் இரும்புச் சட்டத்தில் படுத்திருக்கும், சட்டத்தைப் போல்ட் பிடித்திருக்கும். 1979இல் வந்த பழைய ஃபோக்ஸ்வேகனில் முன்மூக்குக்கு அடியில் ஒரு தட்டில் இருக்கும். எந்த ஏற்பாடானாலும், நடுவழியில் நிற்கும் ஓட்டுநர் சாதாரண ஸ்பேனரை வைத்துக் கழற்ற வேண்டும் என்று நினைத்துச் செய்ததுதான். அதே ஸ்பேனர் திருடனிடமும் இருக்கிறது.

போனதும் உடனே தெரியாது. அடியில் யார் பார்க்கிறோம்? போலீசில் சொல்லப் போனால் முதல் கேள்வியே "எப்போது போனது?" என்பதுதான். என்ன பதில் சொல்வது? காப்பீட்டிலும் முதல் தொகையை நாமே கட்ட வேண்டும். ஒரு சக்கரத்தின் விலை பெரும்பாலும் அந்தத் தொகைக்குள்ளேயே அடங்கிவிடுவதால் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை.

ஆகவே பூட்டு. கடைகளில் கிடைப்பவற்றில் ஒரு வகை, வின்ச்சின் கைப்பிடி நுழையும் வாயை அடைத்துவிடும். போல்ட் உள்ள வண்டிகளுக்கு, போல்ட்டின் தலையை மூடும் தடித்த இரும்புக் குப்பி கிடைக்கிறது. அதற்குள் சாவித் துவாரம் இருக்கும். மூன்றாவது, பழைய வழியான சங்கிலியும் பூட்டும். வாயை அடைக்கும் பூட்டு பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் வின்ச் வண்டியில் திருடன் கேபிளையே கத்தரித்துவிட்டால் அது காவல் காப்பது வெறும் ஓட்டையைத்தான். டுகாட்டோவுக்குச் சங்கிலியே மேல் என்பது என் கட்சி.

சங்கிலி மாட்டுவதில் ஒரு பொறுப்பு இருக்கிறது. கண்ணில் பட்ட இரும்பில் எல்லாம் அதைச் சுற்றக் கூடாது. வண்டியின் அடியில் பிரேக் குழாய் ஓடுகிறது, கை பிரேக் கேபிள் ஓடுகிறது, பக்கத்திலேயே சைலன்சர் கொதிக்கிறது. தளர்ந்த சங்கிலி பிரேக் குழாயில் உராய்ந்துகொண்டே வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிளாஸ்டிக் உறை போட்ட சங்கிலி சைலன்சர் அருகே போனால் உறை உருகி நாறும். சேஸிஸில் புதிதாக ஓட்டை போடுவதும் வேண்டாத வேலை, துரு முதலில் நுழைவது அந்த வழியாகத்தான். ஏற்கெனவே இருக்கிற குறுக்குச் சட்டத்தைச் சுற்றி, டிஸ்க்கில் உள்ள ஓட்டை வழியாக இழுத்து, ஆட்டம் இல்லாத அளவுக்குச் சங்கிலியைக் குறைத்து, பூட்டின் சாவி வாய் கீழ்நோக்கி இருக்கும்படி விட வேண்டும். இதையெல்லாம் செய்யும்போது ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலை கொடுக்கக் கூடாது. சரிவுப் பலகை வேண்டும், அல்லது ஆக்ஸில் ஸ்டாண்டு வேண்டும்.

எந்தப் பூட்டு என்பதில்தான் எனக்கும் கடைக்காரருக்கும் ஒத்துப்போகவில்லை. பூட்டுகளைச் சோதித்துத் தரம் கொடுக்கிற சோல்டு செக்யூர் என்ற அமைப்பு இங்கே உண்டு. வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று படிகள் வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் தங்கத்துக்குக் கீழே இறங்க மாட்டேன் என்றார். தங்கத் தரம் வாங்கும் பூட்டின் வளையம் பொதுவாகக் கடினமாக்கிய எஃகு. வெட்டுவது கஷ்டம், துருப்பிடிப்பது சுலபம். படகுக்காரர்கள் வாங்கும் பித்தளைப் பூட்டில் துருப்பிடிக்காத எஃகு வளையம் இருக்கும். அது சற்று மென்மையானது, பெரிய கத்தரி கொண்டுவந்தால் தாங்காது. நான் படகுப் பூட்டைத்தான் வாங்கினேன். தெருவில் மல்லாந்து படுத்துக்கொண்டு பெரிய கத்தரியை விரிக்க இடம் போதாது. பூட்டு தொங்குவதைப் பார்த்தாலே பலர் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்கள். உப்பு அப்படிப் போகாது.

இந்த நாட்டில் வண்டியின் அடிப்பக்கத்துக்கு எமன் உப்புதான். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை, உறைபனி வரும் என்று தெரிந்தால் இரவோடு இரவாக லாரிகள் சாலையில் பாறை உப்பைத் தூவிக்கொண்டு போகும். ஸ்காட்லாந்தில் அந்த லாரிகளுக்குச் செல்லப் பெயர்கூட வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று 'கிரிட்டி கிரிட்டி பேங் பேங்'. உப்பில் பெரும்பகுதி செஷயரின் வின்ஸ்ஃபோர்டு சுரங்கத்திலிருந்து வருவது. 1844இல் நிலக்கரி தேடித் தோண்டியவர்களுக்குக் கிடைத்தது இந்த உப்பு. தோண்டி முடித்த அறைகள் அவ்வளவு வறட்சியாக இருப்பதால், பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் தன் கோப்புகளை அங்கே பத்திரப்படுத்தியிருக்கிறது. பூமிக்கடியில் காகிதத்தைக் காக்கிற உப்பு, சாலைக்கு வந்து தண்ணீரில் கரைந்ததும் இரும்பைத் தின்னத் தொடங்கிவிடுகிறது. ஸ்டெப்னி தொங்குவது பின்சக்கரங்கள் அள்ளி வீசும் சேறு நேராக விழுகிற இடத்தில்.

நண்பர் ஒருவரின் வண்டி ஆண்டுச் சோதனைக்குப் போயிருந்தது. எம்.ஓ.டி. எனப்படும் இந்தச் சோதனை, வண்டிக்கு மூன்று வயதானதும் தொடங்கும். ஸ்டெப்னியின் டயர் தேய்ந்திருக்கிறதா என்று அதில் பார்க்க மாட்டார்கள். தாங்கி சக்கரத்தைக் கீழே போட்டுவிடுமா என்று மட்டும் பார்ப்பார்கள். சோதனைக்காரர் அடியில் போய் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, துருவில் ஒரே கட்டியாகிவிட்ட வின்ச்சையும் பூட்டையும் தட்டிக் காட்டிச் சொன்னாராம்: "இனி இதைத் திருடன் எடுக்க மாட்டான். நீங்களும்தான்."

பூட்டு விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. சக்கரத்தைத் திருடன் கொண்டுபோயிருந்தாலும், பூட்டு துருவேறி இறுகியிருந்தாலும் அது நமக்குத் தெரியவருவது ஒரே நாளில், பஞ்சர் ஆகி நிற்கிற அன்றைக்கு. ஆண்டுக்கணக்கில் திறக்காத பூட்டு, பற்றவைத்த இரும்புக்குச் சமம். அதனால் எங்கள் வீட்டில் வசந்தத்தில் ஒருமுறை, குளிர் தொடங்குமுன் ஒருமுறை ஸ்டெப்னி தரைக்கு வந்தே ஆக வேண்டும். மகளுக்குச் சாவி திருப்புகிற வேலை.

முதலில் அடிப்பக்கம் முழுக்கத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். பிறகு பூட்டைத் திறந்து, கேபிளைக் கடைசிச் சுற்று வரை இறக்க வேண்டும். பாதி இறக்கினால் போதாது, உருளையில் சுற்றியிருக்கும் பகுதியில்தான் ஈரம் தங்கும். இழை பிரிந்திருந்தால் கேபிளை மாற்றிவிட வேண்டும், அதில் கஞ்சத்தனம் கூடாது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கேபிளுக்குக் கிரீஸ் தடவ வேண்டும். போல்ட் உள்ள வண்டியானால் மறைக்குக் காப்பர் கிரீஸ்.

பூட்டின் வாய்க்கு மட்டும் கிரீஸ் ஆகாது, மண்ணைச் சேர்த்து அப்பிக்கொள்ளும். எல்லார் வீட்டிலும் இருக்கிற டபிள்யூடி-40, 1953இல் அமெரிக்காவில் அட்லஸ் ஏவுகணையின் உலோகத்திலிருந்து ஈரத்தை விரட்டக் கண்டுபிடித்தது. ஈரத்தை விரட்ட அது நல்லது, ஆனால் நெடுநாள் வழுவழுப்பை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. அதை அடித்து உலரவிட்டு, மேலே பி.டி.எஃப்.இ. ஸ்பிரே போடுவது என் வழக்கம். கடைசியாக ஒரு பழைய சைக்கிள் டியூப் துண்டைப் பூட்டின்மேல் உறையாக மாட்டுகிறேன். நம் ஊரில் மழைக்காலத்தில் ஷட்டர் பூட்டுகளுக்குச் செய்வதுதான். எதிர்வீட்டு ஆங்கிலேயர் அதைப் பார்த்துவிட்டுத் தன் தோட்டக் கொட்டகைப் பூட்டுக்கும் ஒரு துண்டு கேட்டு வாங்கிப் போனார்.

சக்கரம் கீழே கிடக்கும்போதே காற்றையும் பார்த்துவிடலாம். வால்வு மேல்நோக்கி இருந்தால் தொங்கும் நிலையில் கை எட்டாது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமல் அடியிலேயே கிடந்து கிழடாகும் டயர்கள் ஏராளம். லாரி, பேருந்துகளின் முன் அச்சில் பத்து வயதைத் தாண்டிய டயர் கூடாது என்று பிரிட்டனில் 2021 பிப்ரவரியில் சட்டமே வந்துவிட்டது. கேம்பர்வேனை அந்தச் சட்டம் தொடாது. தொடாவிட்டால் என்ன, ரப்பருக்கு வயதாவது நிற்குமா?

ஸ்டெப்னியே எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. புதிய வண்டிகள் பலவற்றில் ஒரு புட்டி பசையும் சின்ன கம்ப்ரசரும்தான் தருகிறார்கள். மோட்டார்வேயில் பஞ்சரானால் சிறு பழுதுகூட நீங்களே பார்க்க முயலாதீர்கள் என்கிறது நெடுஞ்சாலை விதிநூல். அங்கே மீட்பு வண்டிக்காரர் வருவார். அவருக்கும் உங்கள் பூட்டின் சாவி வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். ஆனால் இன்வர்னெஸ்ஸிலிருந்து வடக்கே, ஒற்றைத்தடச் சாலையில், எதிரே வரும் வண்டிக்கு ஒதுங்க ஓரம் தேடிக் கல்விளிம்பில் டயரின் பக்கவாட்டைக் கிழித்துக்கொண்டால், பசை ஒட்டாது, போனில் சிக்னலும் இருக்காது. ஸ்டெப்னி வேண்டியிருப்பது அங்கேதான்.

ஒரு சாவி வண்டிச் சாவிக் கொத்திலேயே இருக்கட்டும், இன்னொன்று வண்டிக்குள். சாவியின் எண்ணை வீட்டில் எழுதி வையுங்கள். உப்பு லாரிகள் கிளம்புமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நீங்கள் பூட்டிய பூட்டை நீங்களே ஒருமுறை திறந்து பாருங்கள்.