பீப்... பீப்... மண்ணுக்குள் என்ன?



நம்ம கடப்பாக்கத்தில் பிறந்தவர்களுக்கு ஆலம்பரைக் கோட்டையை யாரும் காட்டித் தர வேண்டியதில்லை. ஆனால் 18ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு நாணயச்சாலை இருந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஆற்காட்டு நவாப் ஆட்சியில் இருந்த கோட்டை, 1750இல் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே கைக்குப் போனது. 1760இல் ஆங்கிலேயர் அதைப் பிடித்து இடித்தார்கள். மிச்சம் இருந்ததை 2004இல் வந்த சுனாமியும் சேதப்படுத்தியது. ஆனால் "கோட்டையில புதையல் இருக்கு" என்ற பேச்சு மட்டும் இன்னும் இடியாமல் நிற்கிறது!

போன கோடை விடுமுறையில் கருவாடு காயப்போடும் மணலில் அம்மாவின் ஒரு கம்மல் விழுந்துவிட்டது. சல்லடை போட்டு சலித்தும் கிடைக்கவில்லை. அம்மா இரண்டு நாள் சரியாகவே சாப்பிடவில்லை. அப்போதுதான் மாமா தன் நண்பரிடமிருந்து மெட்டல் டிடெக்டர் ஒன்றை வாங்கி வந்தார். நீளக் கம்பு, அடியில் ஒரு வட்டத் தட்டு. அவ்வளவுதான்!

அது எப்படி வேலை செய்யுது தெரியுமா? தட்டுக்குள் கம்பிச்சுருள் இருக்கிறது. அதில் மாறும் மின்னோட்டம் பாய்ந்தால் சுற்றிலும் மாறும் காந்தப்புலம் உண்டாகும். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் பிறக்கும். அதுவும் ஒரு சின்ன காந்தப்புலத்தை உண்டாக்கும். அதைக் கருவி உணர்ந்து 'பீப்' என்று கத்தும். ஃபாரடே 1831இல் கண்டுபிடித்தாரே, அதே மின்காந்தத் தூண்டல்தான். பாடத்தில் படித்தது மணலில் கத்துவதைக் கேட்டபோது எனக்கு ஒரே சந்தோஷம்!

ஆனால் 'பீப்' என்றால் தங்கம் என்று அர்த்தம் இல்லை. மூன்று நாள் தேடினோம். கிடைத்தது என்ன? சோடா மூடிகள், வலையில் கட்டும் ஈயக்குண்டுகள், படகு ஆணிகள், ஒரு ஐந்து ரூபாய் காசு. அலை நனைக்கும் ஈர மணலுக்குப் போனால் கருவி சும்மா சும்மா கத்தியது. உப்புத் தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும் அல்லவா! தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல்லே, 1881இல் சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடம்பில் இருந்த குண்டை இப்படி ஒரு கருவியால் தேடிப் பார்த்து, கண்டுபிடிக்க முடியாமல் போனார். நாங்கள் எம்மாத்திரம்?

மூன்றாம் நாள் சாயங்காலம் மாமா மெதுவாகச் சொன்னார்: "கோட்டைப் பக்கம் போய்ப் பார்க்கலாமா? ஒரு பழைய காசு கிடைச்சா போதும், அக்காவுக்குப் புதுக் கம்மலே வாங்கிடலாம்."

எனக்கும் அம்மாவின் வெறுங்காது கண்ணில் நின்றது. ஆனாலும், "வேணாம் மாமா, அங்க அனுமதி இல்லாம தோண்டக் கூடாது. 1878லயே புதையல் சட்டம் வந்துடுச்சு. பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ள புதையல் கிடைச்சா கலெக்டருக்குச் சொல்லணும்" என்றேன்.

"யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் மாமா.

திண்ணையில் இருந்த ஆயா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாங்க: "ஆளுக்கு ஒரு கல்லா எடுத்துத்தான்டா கோட்டையே கரைஞ்சு போச்சு. நீ வேற எதுக்கு?"

மாமா அதற்கப்புறம் பேசவில்லை.

நண்பர்களே, யோசித்துப் பாருங்கள். பழைய காசு ஒன்று எந்த மண் அடுக்கில், எந்தச் சுவர் பக்கத்தில், எந்தப் பானை ஓட்டோடு கிடந்தது என்பதில்தான் வரலாறு இருக்கிறது. தொல்லியல் துறை 2011-12இல் ஆலம்பரையில் அகழாய்வு செய்தது இப்படிப்பட்ட விவரங்களுக்காகத்தான். தோண்டிப் பையில் போட்டுக்கொண்டால் அது வெறும் செம்புத் துண்டு. கிழித்த பக்கத்தைத் திரும்ப ஒட்ட முடியுமா?

இதே மாதிரி கருவியை வைத்து, இலங்கையில் முகமாலை போன்ற இடங்களில் நம் தமிழ்ச் சகோதரிகள் கண்ணிவெடிகளை அகற்றியிருக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு 'பீப்'புக்கும் மண்டியிட்டு மண்ணை மெதுவாகக் கிளற வேண்டும். பெரும்பாலும் வெறும் இரும்புத் துண்டுதான் இருக்கும். ஆனாலும் ஒன்றைக்கூட விட முடியாது. விட்டால் யாரோ ஒரு குழந்தையின் கால் போய்விடும். கருவி ஒன்றுதான், பிடிக்கும் கைதான் வேறு!

எனவே கோட்டைப் பக்கம் ஏதாவது கண்ணில் பட்டால் தோண்டாதீங்க. இடத்தைக் குறித்துக்கொண்டு, நம் வரலாறு ஆசிரியரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ சொல்லுங்க.

கம்மல் கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைக்கவில்லை. "கடலம்மா போட்டுக்கட்டும்" என்று அம்மா சிரித்துவிட்டாங்க. ஈயக்குண்டுகளைத் தாத்தா வலையில் கட்டிக்கொண்டார். துருப்பிடித்த ஆணிகள் மட்டும் நாற்பத்தொன்று! நாம் வெறுங்காலோடு ஓடி விளையாடும் மணல் அது. எனக்கு அதுதான் புதையல்.



– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி