அப்பத்தா சொன்னது

ஜூலை 8

ஐந்தாம் வகுப்புப் பையன். பெஞ்சைத் தள்ளுகிறான், பக்கத்தில் இருப்பவனைக் கடிக்கிறான், வகுப்பை விட்டு ஓடுகிறான். பள்ளியிலிருந்து வந்த தாளில் இவ்வளவுதான். அம்மாவுக்குத் தையல் கம்பெனியில் வேலை. உட்கார்ந்ததுமே, "என் வளர்ப்புதான் சரியில்ல மேடம்" என்றார். போன இடமெல்லாம் அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. டாக்டர் எழுதியது, தெரபி சொன்னது, பள்ளி கேட்டது எனத் தனித்தனிச் சீட்டுகள். ஒன்றில் இருப்பது இன்னொருவருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஒப்பேற்ற வேண்டியவர் அவர் ஒருவர்தான்.

"பிள்ளை எதுல கெட்டி?" என்று கேட்டேன். யோசித்துச் சொன்னார்: "வீட்டுல விசேஷம்னா பந்தியில எல்லாருக்கும் அவன்தான் தண்ணி வைப்பான்."

ஜூலை 11

அமெரிக்காவில் 'ராப்அரவுண்ட்' என்று ஒரு முறை இருக்கிறது: குடும்பமும் பிள்ளையோடு பழகுகிறவர்களும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே திட்டம் போடுவது. கடுமையான மனச்சிக்கல் உள்ள பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு உரிய உதவி போய்ச் சேரவில்லை என்று 1982இல் ஜேன் நிட்சர் எழுதினார். சிகாகோவின் கலைடாஸ்கோப் அமைப்பில் கார்ல் டென்னிஸ், எவ்வளவு முரண்டு பிடித்தாலும் எந்தப் பிள்ளையையும் வெளியே அனுப்புவதில்லை என்று வைத்திருந்தார். சரிப்படவில்லையா, திட்டத்தை மாற்று என்பதுதான் வழி. 1990களில் மில்வாக்கியில் பல துறைகளின் பணத்தையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரு குடும்பத்துக்கு ஒரே திட்டம் என்று ஆக்கினார்கள்.

குடும்பத்தைச் சேர்த்துக்கொள்வது நமக்கும் புதிதில்லை. 1950களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் வளாகத்திலேயே கூடாரம் போட்டு உறவினர்களைத் தங்க வைத்தார். வேலூர் சிஎம்சியின் பாகாயம் மனநல மையத்திலும் வீட்டார் உடன் தங்குவது வெகுகால வழக்கம். ஆனாலும் பள்ளிகளில் இன்றும் பெற்றோரைக் கூப்பிடுவது புகார் சொல்லத்தான். எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

அம்மாவுக்கு இன்றுதான் லீவு; அதனால் பையனுக்கு அப்படி ஒரு திட்டம் போடும் கூட்டமும் இன்று, அவர்கள் வீட்டிலேயே. அப்பத்தா, மாமா, வகுப்பு டீச்சர், பள்ளிச் சத்துணவு அக்கா. யாரை அழைப்பது என்று அம்மாதான் முடிவு செய்தார்.

ஒவ்வொரு தகராறுக்கும் முன்னால் என்ன நடந்தது, மணி என்ன என்று டீச்சரைக் குறித்துவரச் சொல்லியிருந்தேன். நோட்டைப் புரட்டினால், பெரும்பாலும் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில். மாத்திரையின் வேகம் தீரும் நேரமோ என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது மூலையிலிருந்து அப்பத்தா, "அவன் மத்தியானம் திங்குறதே இல்ல தாயி. வந்ததும் சட்டியோட உக்காந்துருவான்" என்றார். சத்துணவு அக்கா நிமிர்ந்தார்: "ஆமா மேடம், வரிசையில இடிச்சா தட்டைப் போட்டுட்டுப் போயிருவான்."

பசி. வரிசையில் இடிபடுவது. இந்த இரண்டும் எந்தச் சீட்டிலும் இல்லை.

கூட்டத்தில் எழுதிய திட்டம் இது: மணியடிக்க ஐந்து நிமிடம் முன்பே அவன் சத்துணவுக் கூடத்துக்குப் போவான், முதலில் சாப்பிடுவான், பிறகு தண்ணீர் ஊற்ற அக்காவுக்குக் கூடமாட நிற்பான். கோபம் ஏறினால் உட்கார வராந்தாவில் ஓர் இடம். அது தண்டனை இடம் இல்லை என்று வகுப்புக்கே டீச்சர் சொல்லிவிடுவார். டாக்டருக்கும் தெரபிக்கும் இதே தாளின் நகல்.

ஆகஸ்ட் 8

மூன்று மணித் தகராறு வெகுவாகக் குறைந்திருக்கிறது. கடிப்பது நிற்கவில்லை. வீட்டில் இரவு ரகளை அப்படியேதான். அப்பா பிந்தி வரும் நாட்களில் அதிகம். அவர் இதுவரை எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை. அவர் போகும் லாரி எப்போது ஊர் திரும்பும் என்று மாமா கேட்டுச் சொல்வார். ராத்திரி பத்து மணியானாலும் சரி, அடுத்த கூட்டம் அவர் இருக்கும்போதுதான்.