ஹாப்ஸ் தலையணை

பணி நிமித்தமாக மூனிக் நகரில் வாழ்ந்த நாட்களில், ஒரு செப்டம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஹாலர்டாவ் பகுதிக்குச் சென்றிருந்தேன். மூனிக்கிற்கு வடக்கே உள்ள இப்பகுதிதான், ஒரே தொடர்ச்சியாக ஹாப்ஸ் பயிரிடப்படும் நிலப்பரப்புகளில் உலகிலேயே மிகப் பெரியது. ஏறத்தாழ ஏழு மீட்டர் உயரக் கம்பங்கள். மேலே இழுத்துக் கட்டிய கம்பிகளைச் சுற்றிச் சுற்றி ஏறியிருக்கும் கொடிகள். நம்மூர் வெற்றிலைக் கொடிக்காலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்நியமாகத் தோன்றாத காட்சிதான். ஆனால் இங்கே பயன் இலையில் இல்லை. பெண் கொடியில் கொத்துக் கொத்தாய்த் தொங்கும் இளம்பச்சைக் கூம்புகளில் இருக்கிறது. ஒன்றைப் பிளந்து பார்த்தேன். செதில்களின் அடியில் மகரந்தம் போன்ற மஞ்சள் பொடி. லுபுலின் என்பது அதன் பெயர். நுனிநாவில் வைத்தேன், அந்தக் கசப்பு வெகுநேரம் விலகவில்லை.

வயலோரக் கடையொன்றில் உலர்ந்த ஹாப்ஸ் அடைத்த சிறு தலையணைகளை விற்றுக்கொண்டிருந்தார்கள். தூக்கம் வரும் என்றார் கடைக்கார மூதாட்டி. எனக்கு உடனே அக்காவின் நினைவு வந்தது. மார்பகப் புற்றுநோய்க்கான சிகிச்சை முடிந்து, ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் மாத்திரைகளை அவள் உட்கொண்டு வந்த காலம் அது. நள்ளிரவில் உடல் அனலாய்க் கொதிக்கும், எழுந்து உட்கார்ந்துவிடுவாள். "ராத்திரியில கடிகாரம்தான்டா எனக்குத் துணை" என்று தொலைபேசியில் ஒருமுறை சொன்னாள். தலையணை ஒன்றை வாங்கினேன். முகர்வதற்கே இவ்வளவு குணமென்றால் உட்கொண்டால் இன்னும் நல்லதாயிற்றே என்றெண்ணி, மறுநாள் மூனிக்கில் ஒரு மருந்துக்கடைக்குச் சென்று ஹாப்ஸ் மாத்திரை கேட்டேன்.

பணியிலிருந்த பெண் பெட்டியை எடுத்து வைத்துவிட்டு, யாருக்கு என்று விசாரித்தார். சொன்னேன். பெட்டியை மெல்லத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். "உங்கள் அக்காவின் மருத்துவரைக் கேட்காமல் இதை நான் தர இயலாது" என்றார். "இது வெறும் செடிதானே?" என்று கேட்டேன். அவர் புன்னகைத்தார், பெட்டி மட்டும் திரும்பி வரவில்லை.

அந்தச் சிறிய அவமானம்தான் என்னைப் படிக்க வைத்தது.

ஹாப்ஸின் மிக உறுதியான பயன், கெடாமல் காப்பது. 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜெர்மானியத் துறவி ஹில்டெகார்ட், பானங்களை இது கெடாமல் வைத்திருக்கும் என்று குறித்திருக்கிறார். மனத்தில் சோர்வை மிகுவிக்கும் என்றும் சேர்த்தே எழுதியிருக்கிறார். 1516-இல் பவேரியாவில் பிறந்த சட்டம், பீருக்கு வாற்கோதுமை, ஹாப்ஸ், நீர் ஆகியவை போதும் என்று வரையறுத்தது. இதன் காரணத்தை இன்று வேதியியல் விளக்குகிறது. கூம்பிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் கொதிக்கும்போது வடிவம் மாறிக் கசப்பைத் தருகின்றன. பானத்தைப் புளிக்கச் செய்யும் பலவகை பாக்டீரியாக்களை வளரவிடாமல் தடுக்கின்றன.

உறக்கத்தின் கதை இத்தனை தெளிவானதன்று. மனஅழுத்தத்தின் மெல்லிய அறிகுறிகளுக்கும் உறக்கத்திற்கும் உதவும் மரபு மருந்தாக ஐரோப்பிய மருந்து முகமை ஹாப்ஸை ஏற்றிருக்கிறது. ஆனால் அந்த ஏற்பு நெடுங்காலப் பயன்பாட்டின் பேரில் அளிக்கப்பட்டதே தவிர, வலுவான சோதனைகளின் பேரில் அன்று. நடந்த சோதனைகள் பலவற்றில் ஹாப்ஸுடன் வலேரியன் வேரும் கலந்திருந்ததால், பலன் எதனுடையது என்று பிரித்துச் சொல்வது கடினம். பீர் குடித்தால் உறக்கம் வராதா என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு சொல்: அதிலுள்ள மதுவே பின்னிரவுத் தூக்கத்தைக் குலைத்துவிடும்.

என்னை நிறுத்தி வைத்த செய்தி வேறு. ஹாப்ஸ் பறிக்கச் செல்லும் பெண்களுக்கு மாதவிலக்கின் முறை மாறுகிறது என்றொரு பேச்சு ஐரோப்பாவில் நெடுநாளாக உண்டு. கையால் பறித்த காலம் அது. 1931-இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் கூலிக்கு ஹாப்ஸ் பறித்த ஜார்ஜ் ஆர்வெல், முள்போன்ற தண்டுகள் உள்ளங்கையைக் கிழித்ததையும் சாறு படிந்து கைகள் கறுத்ததையும் எழுதியிருக்கிறார். அந்தச் சாறும் பிசினும் நாள்முழுதும் படிந்த கைகளோடுதான் பெண்கள் வேலை செய்தார்கள். அவர்களுடைய பேச்சு வெகுகாலம் வெறும் பேச்சாகவே கிடந்தது. 1999-இல் 8-ப்ரெனைல்நாரிஞ்செனின் என்ற பொருளை ஹாப்ஸில் ஆய்வாளர்கள் இனங்கண்டார்கள். தாவரங்களில் அறியப்பட்ட ஈஸ்ட்ரோஜன் போன்ற பொருள்களில் மிக வலிமையானவற்றுள் அது ஒன்று. மாதவிடாய் நின்ற பெண்களின் உடற்சூட்டுக்கு ஹாப்ஸ் சாரம் ஆராயப்படுவது இதனால்தான். ஈஸ்ட்ரோஜனைச் சார்ந்து வளரும் புற்றுநோய் கண்டவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும் என்று எச்சரிப்பதும் இதே காரணத்தால்தான்.

பீரில் இப்பொருள் இருப்பது மிகமிகச் சொற்பம். செறிவூட்டிய மாத்திரையின் கணக்கு வேறு. எந்த ஈஸ்ட்ரோஜனைத் தடுக்க அக்கா நாள்தோறும் மருந்துண்டாளோ, அதன் சாயலைத்தான் நான் அன்போடு பொதிந்து அனுப்ப இருந்தேன். செடி என்பதால் தீங்கில்லை என்று நாம் சொல்லும்போது, செடிக்கு ஆற்றல் இல்லை என்றுதான் உண்மையில் சொல்கிறோம். நோயைத் தொடும் ஆற்றல் உண்டென்றால், தொடக்கூடாததைத் தொடும் ஆற்றலும் அதற்கு உண்டு.

அக்காவின் மருத்துவரும் மாத்திரை கூடாது என்றே சொன்னார். தலையணைக்குத் தடை சொல்லவில்லை. அதை அனுப்பி வைத்தேன். சில மாதங்கள் கழித்து அழைத்தாள். பழைய ஹாப்ஸ் நாளடைவில் பாலாடைக்கட்டியின் வாடையைப் பெறும் என்று நான் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

"என்னடா, மோர் புளிச்ச நாத்தம் அடிக்குது?"

"தூக்கி எறிந்துவிடு அக்கா. தூக்கம் வந்ததா?"

"சில நாள் வந்தது. இருக்கட்டும், எறிய மாட்டேன்."