பழைய வண்டியும் புதிய குரலும்

மாதுங்காவில் வாழும் அன்பர் பலர் நம் பழைய பிரீமியர் பத்மினி வண்டியை அறிவர். இரயில்வே பணிமனையில் உழைத்து ஓய்வு பெற்ற நம் தந்தையார், 1984-ஆம் ஆண்டில் குர்லா ஆலையில் உருவான அவ்வண்டியைப் பழையதாகவே வாங்கினார். ஊர் திரும்பியபோது நம்மிடம் ஒப்படைத்தார். "வண்டியில் எங்கும் துளை போட்டுவிடாதே, ஐயா" என்பதே அவர் இட்ட ஒரே கட்டளை.

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, சயான் சாலையில் செல்கையில் கைபேசி ஒலித்தது. அம்பாசமுத்திரத்திலிருந்து தந்தையார். இவ்வண்டியில் கியர்த் தண்டு ஸ்டியரிங்கின் இடப்பக்கத்திலேயே உள்ளது. இரு கைகளுக்கும் ஓயாத வேலை. அதை மறந்து இடக்கையால் கைபேசியை எடுத்தோம். புத்தகப் பை சுமந்த சிறுவன் ஒருவன் குறுக்கே வந்ததைப் பிந்தியே கண்டோம். பிரேக்கை மிதிக்க, ஒரு முழ இடைவெளியில் வண்டி நின்றது. சிறுவன் ஓடிவிட்டான், நாம் நடுங்கினோம். தந்தையாரோ, "சாப்பிட்டாயா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கைபேசியைக் கையில் பிடித்து ஓட்டுவதை அபாயகரமான ஓட்டுதல் என்றே 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் கூறுகிறது. சட்டம் இருக்கட்டும்; அச்சிறுவனின் முகமே நம்மை உறங்கவிடவில்லை.

மிஸ்திரி முன்பலகையை அறுக்க விரும்பினார், மறுத்தோம். பத்மினிக்கு 12 வோல்ட் மின்சாரம். எதிர்முனை வண்டியின் உடலோடு இணைந்தது. ஆதலால் இன்றைய கருவிகள் பொருந்தும். பழைய ஆங்கிலேய வண்டிகள் பலவற்றில் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும். அங்கே ஆராயாமல் இணைத்தால் கருவி கருகும். சிறிய புளூடூத் கருவியை முன்பலகைக்குப் பின்னே பட்டையால் கட்டினோம். ஒலிபெருக்கிகள் மரப்பெட்டியில் அடங்கிப் பின் இருக்கைக்கு அப்பால் அமர்ந்தன. கதவின் முக்கோணக் கண்ணாடியருகே காற்று இரையும். எனவே மைக்கை வெயில் மறைப்பில் செருகினோம். சுழலும் ஸ்டியரிங்கிற்குக் கம்பி இழுப்பது எளிதன்று. பொத்தான் மின்கலத்தில் இயங்கும் சிறு விசையை அதில் ரப்பர் பட்டையால் பிணைத்தோம். கட்டைவிரல் அழுத்தினால் அழைப்பும் ஏற்கும், பாட்டும் மாறும்.

முதல் நாள் பாட்டோடு எஞ்சினும் சேர்ந்து பாடிற்று! மின்கம்பி இக்னிஷன் காயிலின் அருகே சென்றதே காரணம். அதை மறுபுறம் திருப்பி, தனி ஃபியூஸும் நல்ல எர்த்தும் கொடுத்தபின் அடங்கிற்று.

தை மாதத்தில் ஒருநாள் தம்பி அழைத்தான். பொத்தானை அழுத்தினோம். "அண்ணே, அப்பா..." என்றான். குரல் உடைந்திருந்தது. "பொறு" என்று கூறி, வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்த பின்னரே "சொல்" என்றோம். தந்தையார் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததாம். இரு கைகளும் ஸ்டியரிங்கின் மீதே இருந்தன. கண்களுக்கோ சாலை தெரியவில்லை. ஓடும் வண்டியில் அச்சொல்லைக் கேட்டிருந்தால்? கைக்கு விடுதலை கிடைத்ததாலேயே கருத்துக்கும் கிடைத்துவிடாது என்பதை அன்றே உணர்ந்தோம். இப்போதெல்லாம் ஓட்டும்போது "நிறுத்திவிட்டுப் பேசுகிறேன்" என்ற ஒரு சொல்லுக்கே அப்பொத்தான் பயன்படுகிறது.

அறுவைச் சிகிச்சை முடிந்து, கோலூன்றி, சித்திரையில் தந்தையார் மும்பை வந்தார். தாதர் நிலையத்தில் வண்டியில் ஏறியதும் முன்பலகையை விரலால் தடவித் தேடினார். துளை ஒன்றும் அகப்படவில்லை. "பிறகு பாட்டு எங்கிருந்து வரும், ஐயா?" என்றார்.

பொத்தானை அழுத்தினோம். வீடு சேரும்வரை அவர் பேசவில்லை, நாமும் பேசவில்லை.